கட்டிலின் எதிர்ப்பக்கம் நின்றவள்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பது வருஷத்துக்கு மேல் தாதியாக வேலை செய்திருக்கிறேன். எத்தனை பேரைக் கடைசியாகக் குளிப்பாட்டித் துணி சுற்றி அனுப்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் ஆஸ்பத்திரியில் சவக்கிடங்குக்குப் பக்கத்தில் வெள்ளைப் பூப் பூக்கிற கெம்போஜா மரம் ஒன்று இருந்தது, அதில் பொந்தியானாக் என்கிற பெண்பேய் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லி அத்தெண்டன்மார் என்கிற வார்டு உதவியாட்கள் பகலிலேயே அந்தப் பக்கம் போகமாட்டார்கள், நான் அதன் நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறேன். காற்று நல்ல காற்று, வேறு ஒன்றும் கிடையாது. ஆகவே நான் இப்போது சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு இவளும் அந்த மாதிரி ஆள்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நம்பாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். முழுசாகக் கேளுங்கள், அது போதும்.

எழுபதுகளின் பின்பாதி. அப்போது எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. வீடு அக்கரையில், கெப்பாலா பத்தாஸில். வேலை இக்கரையில், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில். குவாட்டர்ஸில் தங்கிக்கொண்டு, லீவு கிடைத்தால் ஃபெரி ஏறி வீட்டுக்குப் போய் வருவேன். அந்த வருஷம்தான் உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவந்த காய்ச்சல் எங்கள் ஊருக்கும் வந்தது. சளிக்காய்ச்சல்தானே என்று எல்லோரும் முதலில் சிரித்தார்கள். அது வயதானவர்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டு இளவட்டங்களைப் பிடித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், ராணுவ முகாம் பையன்கள், அப்போதுதான் புதிதாக வந்திருந்த எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிகளில் வேலைக்குச் சேர்ந்த பெண்பிள்ளைகள். ஒரு அறையில் எட்டுப் பேர் பத்துப் பேர் என்று படுத்திருப்பார்கள், ஒருத்தி இருமினால் அடுத்த வாரம் அறையே படுத்துவிடும். பெரும்பாலோர் நாலு நாள் கிடந்துவிட்டு எழுந்தார்கள். சிலருக்கு மட்டும் அது நெஞ்சுக்குள் இறங்கியது. இறங்கினவர்கள் எங்களிடம் வந்தார்கள்.

எங்களிடம் மூச்சு விடவைக்கும் மெஷின் இரண்டுதான் இருந்தது. இப்போது கேட்டால் சிரிப்பீர்கள், அன்றைக்கு இரண்டு இருந்ததே பெருமை. இரண்டிலும் ஆள் இருந்தார்கள், மெஷினை எடுத்தால் இரண்டு பேருமே பிழைக்கமாட்டார்கள். அந்த நேரத்தில்தான் பரமேஸ்வரி வந்தாள்.

பத்தொன்பது வயது. தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவருடைய மகள். பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை, நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு முடி மாதிரிக் கம்பியை ஒட்டுகிற வேலை. கொண்டுவந்தபோது உதடும் நகமும் நாவல்பழ நிறத்தில் இருந்தன. டாக்டர் தொண்டைக்குள் குழாய் போட்டார். குழாயை மாட்ட மெஷின் இல்லை. அதனால் குழாயின் வாயில் கறுப்பு ரப்பர் பையை மாட்டி, பிராணவாயு இணைப்பைக் கொடுத்து, கையால் அமுக்க ஆரம்பித்தோம். ஒரு அமுக்கு, ஒரு மூச்சு. விட்டால் மூச்சு இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

இரவு முழுக்க ரோஸ்னா அமுக்கினாள். ரோஸ்னா என்னோடு வேலை செய்த மலாய்க்காரத் தோழி, பாலிக் புலாவ்காரி, உருவத்தில் சின்னவள், பிடிவாதத்தில் பெரியவள். காலையில் நான் வார்டுக்குள் நுழைந்தபோது கண் இரண்டும் சிவந்து நின்றாள். பை கை மாறும்போது மட்டும் என்னிடம், "இவ போராடுறா லா. நீயும் விடாதே" என்றாள். வடக்கே ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாவது மெஷின் ஒன்றை வேனில் அனுப்பியிருக்கிறார்கள், மதியத்துக்குள் அக்கரைப் பட்டர்வொர்த் துறைக்கு வந்து ஃபெரி ஏறிவிடும் என்று சொன்னார்கள். மதியம் வரைக்கும்தானே என்று நானும் நினைத்தேன்.

பரமேஸ்வரி இருந்தது வார்டின் கடைசியில் தனி அறை. ஒரு பக்கம் வார்டைப் பார்த்த கண்ணாடிக் கதவு, மறுபக்கம் வெளி வராந்தாவைப் பார்த்த ஜன்னல். அந்த ஜன்னலுக்கு வெளியே அவளுடைய அப்பா நின்றார். உள்ளே யாரையும் விடுவதில்லை, அது உத்தரவு. மனிதர் ஒல்லியாக, சட்டைப் பையில் கசங்கின கைக்குட்டையோடு கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கண்ணாடியின் மேல் சின்னத் திறப்பு ஒன்று இருந்ததால் பேசினால் கேட்கும். எஸ்டேட்டுக்காரர்களுக்குத் தாதி என்றால் மிஸ்ஸிதான்.

"மிஸ்ஸி, பொண்ணு மூச்சு வுடுதுங்களா?"

"வுடுதுய்யா. பாருங்க, நெஞ்சு ஏறி எறங்குது."

"அது நீங்க வுடவைக்கிறதுல்ல?"

"நான் கொஞ்சம், அவ கொஞ்சம். ரெண்டு பேருமாத்தான் செய்றோம்" என்றேன். அவர் தலையாட்டினார். அதன்பிறகு என் கை போகிற வேகத்துக்கே அவர் தலை மெல்ல மெல்ல ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

முறைவைத்து மாற்றுவதாகத்தான் ஏற்பாடு. எனக்கு மாற்றாக வரவேண்டியவள் வரவில்லை. தலைமைத் தாதி, சிஸ்டர் லிம் என்று ஒரு சீன அம்மா, கண்டிப்பானவர், ஆனால் தன் ஆட்களுக்காக யாரோடும் சண்டைக்கு நிற்பவர், அவர் வந்து கதவைத் திறந்து மலாயில் சொன்னார். "விமலா, அவளும் படுத்துட்டா லா. காய்ச்சலாம். நான் ஆள் தேடுறேன், தாங்குவியா?" தாங்குவேன் என்றேன். வேறு பதில் என்ன இருக்கிறது? தாதிகளில் பாதிப் பேர் அந்த வாரம் படுக்கையில்தான் இருந்தார்கள். இருந்தவர்கள் இரண்டு பயிற்சிப் பிள்ளைகள், சிஸ்டர், நான். வார்டு முழுக்கக் கட்டில்.

மதியம் வந்தது, மெஷின் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது, சாதாரண மழை இல்லை, கடலைத் தூக்கிக் கொட்டுகிற மாதிரி. ஃபெரி நிற்கிறது, வேன் பட்டர்வொர்த்தில் வரிசையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று போன் வந்தது. டாக்டர் சிவநாதன் வந்து பரமேஸ்வரியின் நாடியைப் பார்த்தார், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கெட்டவர் இல்லை அவர், தூங்கியே இரண்டு நாள் ஆனவர்.

"விமலா, உங்க கையைப் பாத்தீங்களா? நடுங்குது."

"நடுங்கினாலும் அமுங்குது டாக்டர்."

"மெஷின் இன்னிக்கு வராட்டி என்ன செய்யப் போறீங்க?"

"வர்ற வரைக்கும் நான் இருக்கேன்."

"நான் அதைக் கேக்கல..." என்று ஆரம்பித்தவர் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த அப்பா எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பையை என் கையிலிருந்து வாங்கிக் கொஞ்ச நேரம் அவரே அமுக்கினார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதற்குள் அவரை வார்டிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குள் பக்தியும் இல்லை, பயமும் இல்லை. ஒரு வீம்புதான் இருந்தது. இந்தப் பிள்ளை என் கையில் போகாது, அவ்வளவுதான். விரல்கள் மடங்கினபடியே இறுகிவிட்டன, வலி போய் மரத்துவிட்டது, பிறகு உள்ளங்கையை வைத்து அமுக்கினேன், அதுவும் போனபின் பையை விலாவில் அணைத்துக்கொண்டு முழங்கையால் அமுக்கினேன். பரமேஸ்வரியோடு பேசிக்கொண்டே இருந்தேன். ஏய், அடுத்த மாசம் போனஸ் வருமாமே, உன் அப்பாவுக்கு நல்லதா ஒரு சட்டை எடுத்துக் குடு, இந்தச் சட்டையில காலர் கிழிஞ்சிருக்கு பாரு என்று என்னென்னவோ. அவள் மயக்கத்தில் இருந்தாள், கேட்டிருக்காது. எனக்கு அது வேண்டியிருந்தது.

பிற்பகல் நடுவில் வார்டில் இன்னொரு கட்டிலில் ஒரு பையனுக்கு இதயம் நின்றுவிட்டது. சிஸ்டர், டாக்டர், பயிற்சிப் பிள்ளைகள் எல்லோரும் அங்கே ஓடினார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து என் கையில் பை கெட்டிப்பட்டது. அமுக்கினால் அமுங்கவில்லை. இந்த வேலை தெரிந்தவர்களுக்கு அந்தக் கெட்டி என்ன என்று தெரியும், குழாயில் சளி அடைத்துவிட்டது. பையைக் கழற்ற வேண்டும், உறிஞ்சும் குழாயை உள்ளே விட்டு அடைப்பை எடுக்க வேண்டும், மறுபடி மாட்டி உடனே அமுக்க வேண்டும். ஒருத்தியால் செய்யவே முடியாது என்று சொல்லமாட்டேன், செய்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் விரல்கள் இருந்த நிலைமையில் அந்த மெல்லிய குழாயை என்னால் பிடிக்கக்கூட முடியவில்லை, கீழே போட்டுவிட்டேன். பரமேஸ்வரியின் உதடு மறுபடி கறுக்க ஆரம்பித்தது. "யாராச்சும் வாங்க!" என்று கத்தினேன். மழைச் சத்தம், வார்டில் அந்தப் பையனைச் சுற்றி ஒரே சத்தம், யாருக்கும் கேட்கவில்லை.

அப்போது கட்டிலின் எதிர்ப்பக்கத்தில் ஒருத்தி நின்றாள்.

எப்படி வந்தாள், கதவு திறந்ததா என்று கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்த நேரத்தில் ஒரு பொருட்டாக எடுத்திருக்கமாட்டேன், ஆள் வந்ததே பெரிசு. எங்களைப் போலவே பச்சை அங்கி, புருவம் வரை இறக்கின தொப்பி, முகத்தில் மாஸ்க். அந்த நாட்களில் நாங்கள் எல்லோருமே வெறும் கண்கள்தான், யார் யார் என்று நடையை வைத்தும் குரலை வைத்தும்தான் கண்டுபிடிப்போம். அவள் கண் எனக்குப் பழக்கமான கண் இல்லை. கையை நீட்டினாள். பையை வாங்கின விதத்திலேயே தெரிந்துவிட்டது, இவள் வேலை தெரிந்தவள் என்று. பிடுங்கவில்லை, என் கைமேல் தன் கையை வைத்து, ஒரு மூச்சு முடிகிற இடம் வரைக்கும் காத்திருந்து, பிறகுதான் எடுத்துக்கொண்டாள். "நீங்க சளிய எடுங்க. நான் இதப் பாத்துக்கிறேன்" என்றாள், தமிழில். எடுத்தேன். இரண்டு கையாலும் புதுக் குழாய் ஒன்றைப் பிடித்து எப்படியோ உள்ளே விட்டேன், கெட்டியாக ஒரு கட்டி வந்தது. அவள் உடனே மாட்டி அமுக்கினாள். நெஞ்சு உயர்ந்தது. ஐயோ, அந்த நெஞ்சு உயர்ந்ததே, அதைப் போல ஒரு அழகான காட்சியை என் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை.

"கொஞ்சம் உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். முக்காலியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து, கையை மடியில் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நிதானமாக அமுக்கினாள், கொஞ்சம்கூட அவசரம் இல்லை, இடையிடையே குனிந்து பரமேஸ்வரியின் நகத்தின் நிறத்தைப் பார்த்தாள். "எந்த ஆஸ்பத்திரி நீங்க?" என்று கேட்டேன். "அக்கரை" என்றாள். இதை நான் சொல்லும்போதெல்லாம் கேட்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நீங்களும் இப்போது அப்படித்தான் பார்க்கிறீர்கள். பினாங்குத் தீவில் அக்கரை என்றால் பட்டர்வொர்த் பக்கம், அவ்வளவுதான், என் வீடும் அக்கரைதான். புக்கிட் மெர்தாஜாமிலிருந்தோ எங்கிருந்தோ கடன் வாங்கிய ஆள், மழைக்கு முன்னாலேயே ஃபெரி ஏறி வந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு மாற்றி மாற்றிச் செய்தோம். என் விரல்கள் கொஞ்சம் விட்டதும் நான் வாங்குவேன், சோர்ந்தால் கேட்காமலே அவள் கை வந்துவிடும். பேச்சு ஒன்றும் இல்லை. ஒருமுறை மட்டும், நான் திரும்ப வாங்கும்போது, "இந்தப் புள்ள பொழச்சுக்கும். நீங்க விடாம இருந்தா போதும்" என்றாள். நல்லா இருக்கே, அதைத்தானே காலையிலிருந்து செய்கிறேன் என்று கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. அதையும் ஏன் சொல்கிறேன் என்றால், ஏதோ சாமி வந்து நின்றமாதிரி நான் மெய்மறந்து போகவில்லை. அவள் கூட வேலை செய்கிற இன்னொரு தாதி. அப்படித்தான் இருந்தது.

மழை விட்டு, மேகத்துக்கு அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் வெயில் வந்த நேரத்தில் வராந்தாவில் சக்கரச் சத்தம் கேட்டது. மெஷின். நனைந்த கேன்வாஸைப் போர்த்தி இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள், டாக்டர் பின்னால் ஓடிவந்தார். அப்போது பை என் கையில் இருந்தது. குழாயை மெஷினில் மாட்டி, அது முதல் மூச்சைக் கொடுத்து, இரண்டாவது மூச்சைக் கொடுத்து, இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் கையைக் கீழே விட்டேன். ஒரு நன்றி சொல்லலாம் என்று திரும்பினேன். எதிர்ப்பக்கம் யாரும் இல்லை.

வெளியே வந்ததும் சிஸ்டர் லிம் என் இரண்டு கையையும் பிடித்து வெந்நீரில் முக்கினார். "எப்படி லா தனியா இவ்வளவு நேரம்? நானா இருந்தா விழுந்திருப்பேன்" என்றார்.

"தனியா எங்க சிஸ்டர்? நீங்க அனுப்புன ஆள் வந்தாங்களே, அந்தத் தமிழ் ஸ்டாஃப் நர்ஸ்."

அவர் வெந்நீரிலிருந்து என் கையை விடவில்லை. "நான் யாரையும் அனுப்பல. யாரும் கெடைக்கல விமலா."

"மாஸ்க் போட்டு, அக்கரையிலேருந்து..."

"அந்தப் பையனப் பாத்து முடிச்சதும் நான் நேரா உன் கதவுக்குத்தான் வந்தேன். அப்புறமும் வந்து வந்து பாத்தேன். கண்ணாடி வழியா. நீ மட்டுந்தான் நின்னே. ஒரு தடவகூட நீ உக்காரல."

சரி, களைப்பு. தூக்கமில்லாமல் சாப்பாடில்லாமல் அப்படி நின்றால் மூளை ஒரு துணையைத் தானாகவே உண்டாக்கிக்கொள்ளும் என்று பிற்காலத்தில் படித்திருக்கிறேன், மலை ஏறுகிறவர்களுக்கெல்லாம் வருமாம். அன்றைக்கு அது தெரியாது, வெறும் களைப்புதான் என்று முடிவு கட்டினேன். கட்டினேனா, முகத்தைக் கழுவிக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன், அந்த அப்பாவிடம் மெஷின் வந்துவிட்ட விஷயத்தைச் சொல்ல. மனிதர் என்னைப் பார்த்ததும் கை எடுத்துக் கும்பிட்டார். பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அந்த இன்னொரு மிஸ்ஸி போயிட்டாங்களா? அவங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லணும்."

நானும் திரும்பிப் பார்த்தேன். "எந்த மிஸ்ஸிங்கய்யா?"

"என்னங்க மிஸ்ஸி, மாத்தி மாத்தி செஞ்சீங்களே. நீங்க செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தப்பகூட அவங்கதான செஞ்சாங்க. நான்தான் காலையிலேருந்து கண்ண எடுக்காம பாத்துக்கிட்டே நிக்கிறேனே."

அந்த மிஸ்ஸியிடம் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தவருக்கு ஒருத்தி, ஜன்னல் வழியாகப் பார்த்தவருக்கு இரண்டு பேர். இதில் யார் பொய் சொல்ல வேண்டும்? இரண்டு பேருக்குமே எந்தத் தேவையும் இல்லை.

பரமேஸ்வரி பிழைத்தாள். குழாயை எடுத்த அன்று முதலில் கேட்டது ஒரு கிளாஸ் ஐஸ் மைலோ. அவளுக்கு அந்த நாள் பற்றி ஒன்றுமே நினைவில்லை, குரலும் இல்லை கனவும் இல்லை, வெறும் இருட்டு என்றாள். நானும் துருவவில்லை. ஃபேக்டரிக்குத் திரும்பிப் போனாள், பிறகு கல்யாணமாகி புக்கிட் தெங்கா பக்கம் போனதாகக் கேள்வி. அவள் வீட்டுக்குப் போவதற்குள் எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்துவிட்டது, குவாட்டர்ஸில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் கெப்பாலா பத்தாஸுக்கு அம்மாவிடம் போய்விட்டேன், ஒரு வாரம் போல நினைவில்லாமல் கிடந்தேன், எழுந்தேன், வேலைக்குத் திரும்பினேன். அந்த அலை முடிகிற வரைக்கும் எல்லோரும் அப்படித்தான், விழுந்தோம், எழுந்தோம், திரும்பப் போய் நின்றோம். அந்தத் தாதியைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. ஆள் பற்றாக்குறையில் தவிக்கிற இடத்தில் ஒருத்தி இப்படிக் கதை சொன்னால் அடுத்த நாள் பயிற்சிப் பிள்ளைகள் அந்த அறைக்குள் போகமாட்டார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டேன். இதோடு முடிந்திருந்தால் களைப்பு என்றே நானும் விட்டிருப்பேன், அந்த அப்பாவுக்கும் களைப்புதான் என்று.

இருபது வருஷம் கழிந்தது. தொண்ணூறுகளின் கடைசி. ரோஸ்னா வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். இடையில் அவளுக்கு அலோர் ஸ்டார் மாற்றம், எனக்குக் கல்யாணம், பிள்ளைகள் என்று ஆகி, அவளுடைய ஹரி ராயாப் பெருநாளுக்கும் என் தீபாவளிக்கும் போனில் பேசுவதோடு சரி. ஓய்வு விருந்துக்குக் கட்டாயம் வரவேண்டும் என்றாள். பாலிக் புலாவில் அவள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு மதியச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்து, கூட்டம் குறைந்த பிறகு, என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"விமலா, ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப வருஷமா மனசுல இருக்கு. அன்னிக்கு நீ வந்ததுக்கு நான் ஒரு தேங்க்ஸ்கூட சொல்லல."

"என்னிக்கு?"

"அந்தக் காய்ச்சல் வருஷம் லா. பழைய மெஷின் ஒண்ணு கெட்டுப்போச்சே, துறைமுகத்துல வேலை செஞ்ச அந்தப் பையனுக்கு நான் கையால பைய அமுக்கிக்கிட்டிருந்தேன். பகல்ல. யாரும் இல்ல. என் கையும் விட்டுப்போச்சு, அழுதுட்டேன். அப்பத்தான் நீ வந்து எதிர்ல நின்னே."

நான் சிரித்தேன். "ரோஸ், அந்தப் பையன் வந்தப்ப நான் லீவுல இருந்தேன். எனக்கே காய்ச்சல். கெப்பாலா பத்தாஸ்ல கெடந்தேன்."

"எனக்குத் தெரியும்! அதனாலதான் உன்னத் திட்டினேன். காய்ச்சலோட ஏன் வந்தே, போய்ப் படுன்னு. உன் கை என் கைமேல பட்டப்ப நெருப்பு மாதிரி கொதிச்சுது. நீ கேக்கல. நீ உக்காரு ரோஸ், நான் பாத்துக்கிறேன்னு சொன்னே. என்ன ரோஸ்னு கூப்புடுறது உன்ன விட்டா வேற யாரு?"

"மாஸ்க் போட்டிருந்திருப்பாங்க. நீ வேற யாரையோ..."

"மூணு வருஷம் உன்கூட வேலை செஞ்சேன், உன் கண்ணு எனக்குத் தெரியாதா?" என்று கோபமாகவே கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் முகமும் மாறியது. பந்தலில் யாரோ தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "அந்தப் பையன்?" என்று கேட்டேன். பிழைத்தான் என்றாள், இன்னும் துறைமுகத்தில்தான் இருக்கிறான், ஒவ்வொரு ஹரி ராயாவுக்கும் வீட்டுக்கு வந்துவிடுவான்.

அன்று மாலையே கெப்பாலா பத்தாஸ் போனேன். கணவர் காரை ஓட்டிக்கொண்டே என்ன ஆச்சு என்று கேட்டார், அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றேன். அம்மாவுக்கு அப்போது எழுபதைத் தாண்டிய வயது, ஆனால் நினைவு கல்வெட்டு. ரோஸ்னா சொன்னது எதையும் சொல்லாமல் பொதுவாகத்தான் கேட்டேன். அம்மா, நான் அந்தக் காய்ச்சலில் கிடந்தபோது எப்படி இருந்தேன் என்று.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். "எப்புடி இருந்தே, பொணமாட்டம் கெடந்தே. ஒரு நாளு மட்டும், மத்தியான நேரம், சடார்னு எந்திரிச்சு உக்காந்துக்கிட்டே. கண்ணு தெறக்கல. தலவாணிய மடியில வச்சுக்கிட்டு அமுக்குறே அமுக்குறே, பொழுது சாயுற வரைக்கும் அமுக்குறே. நானும் உங்கப்பாவும் புடுங்கப் பாத்தோம், முடியல. என்னா பலம்ங்கிறே! 'விடும்மா, ரோஸ் தனியா நிக்கிறா'ன்னே. அது யாருடி ரோஸுன்னு கேட்டா பதிலில்ல. அப்புறம் படுத்தே. வேர்த்துச்சு, காய்ச்சல் எறங்கிருச்சு."

இதை ஏன் இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை என்று கேட்டேன். காய்ச்சலில் உளறினதையெல்லாமா சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்றார்.

எனக்கு அந்த நாளைப் பற்றி ஒரு துளிகூட நினைவில்லை. நான் எங்கேயும் போகவில்லை, அம்மா சாட்சி. நான் அங்கே இருந்தேன், ரோஸ்னா சாட்சி. இதற்கு விளக்கம் தெரிந்தால் நீங்கள் எனக்குச் சொல்லுங்கள், எனக்குத் தெரியாது, தேடுவதையும் விட்டுவிட்டேன்.

என்னை இன்றைக்கும் உறுத்துவது அது இல்லை. பரமேஸ்வரியின் கட்டிலுக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றவள் என் களைப்பு காட்டின உருவம் என்று நினைத்துக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. அவளும் என்னைப் போல ஒரு தாதிதான். அந்த மழை நாளில் அக்கரையில் எங்கேயோ ஒரு வீட்டில், கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்துகொண்டு, ஒரு தலையணையை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் கை கொதித்ததா என்றுகூட எனக்குத் தெரியாது, என் கைதான் மரத்துப்போயிருந்ததே. நான் அன்று வேர்த்து எழுந்துவிட்டேன். அவள் எழுந்தாளா?

வடக்கே தெற்கே எந்த ஆஸ்பத்திரித் தாதியைச் சந்தித்தாலும் அந்த வருஷம் நீங்கள் காய்ச்சலில் படுத்தீர்களா என்று கேட்டுவிடுகிறேன். படுத்தேன் என்கிறவர்கள் நிறையப் பேர். கண்ணைப் பார்க்கிறேன். இதுவரைக்கும் அந்தக் கண் இல்லை.